செம்பூரிலிருந்து அலிபாக்: கேட்டமரானா, ரோரோவா, லாஞ்சா, சாலையா?

மும்பையிலிருந்து அலிபாக் பக்கம் போக இன்றைக்கு ஐந்து வழி இருக்கிறது. கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து அக்கரை மாண்ட்வாவுக்குக் கேட்டமரான் (இரட்டை அடி உடல் படகு), அதே இடத்திலிருந்து மர லாஞ்ச், அவசரக்காரர்களுக்கு ஸ்பீட்போட், பாவ்சா தக்கா படகுத்துறையிலிருந்து வண்டிகளையும் ஏற்றிப் போகும் ரோரோ கப்பல், அப்புறம் அடல் சேது கடல் பாலம் வழியாகச் சாலை. ஒருநாள் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு எது கிடைத்தாலும் சரிதான். வேலைக்காக வாராவாரம் போகிறவர்களுக்கு அப்படி இல்லை. மழையிலும் போக வேண்டும், களைத்த உடம்போடும் திரும்ப வேண்டும், மாதக் கடைசியில் கையில் காசும் மிஞ்ச வேண்டும்.

செம்பூர் செடா நகரில் இருக்கும் என் நண்பரின் மகனுக்கு, அலிபாக் அருகே தள் என்ற ஊரில் உள்ள உரத் தொழிற்சாலைக்கு மாற்றல் வந்திருக்கிறது. தங்குவதற்கு அலிபாக் குருளில் இடம் கிடைத்துவிட்டது. மனைவி, குழந்தை, பெற்றோர் எல்லாரும் செம்பூரிலேயே. வாரத்துக்கு ஒருமுறை போக்கும் வரவும். "படகில் போகட்டுமா, காரில் போகட்டுமா மாமா? படகு என்றால் எந்தப் படகு?" என்று கேட்டான். கப்பல் எஞ்சின் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அவனுக்குச் சொன்னதையே, இதே கேள்வி உள்ள மற்றவர்களுக்காகவும் விரிவாக எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்டோபரிலிருந்து மே நடுப்பகுதி வரை கேட்டமரான். மழைக்காலம் முழுக்க ரோரோ. கடைசிப் படகு போய்விட்ட நாளுக்குச் சாலை. மர லாஞ்ச் கடல் அமைதியாக இருக்கும் காலையில் மட்டும். ஸ்பீட்போட் வேண்டவே வேண்டாம். இதில் கேட்டமரானை முதலில் வைப்பதற்குக் காரணம் வேகம் இல்லை. பலரும் வேகம் என்று நினைத்துத்தான் டிக்கெட் எடுக்கிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும்.

ஒரு படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும்போது எஞ்சினின் உழைப்பு இரண்டு வழியில் செலவாகிறது. ஒன்று, ஹல் எனப்படும் அடி உடலின் மேல் தண்ணீர் உராய்வது. இன்னொன்று, படகு தானே எழுப்பும் அலை. மெதுவாகப் போகும்போது உராய்வுதான் பெரிய செலவு. வேகம் கூடக்கூட அலைச் செலவு கிடுகிடுவென்று ஏறும். ஒரு கட்டத்தில் படகு தன் முன்னால் தானே எழுப்பிய அலையை ஏறிக் கடக்கப் பாடுபடும், எவ்வளவு டீசல் ஊற்றினாலும் வேகம் கூடாது. இதிலிருந்து தப்ப ஹல்லை ஒல்லியாக்க வேண்டும். ஒல்லியான ஹல் எழுப்பும் அலை சின்னது. ஆனால் நீளம் அகலத்தைப்போல் பத்துப் பன்னிரண்டு மடங்கு இருக்கும் ஓர் ஒல்லி ஹல்லைத் தனியாக மிதக்கவிட்டு மேலே நூறு பேரை உட்கார வைத்தால் அது கவிழ்ந்துவிடும். அப்படி இரண்டை எடுத்து, நடுவில் நல்ல இடைவெளி விட்டு, மேலே ஒரு மேடையால் இணைத்ததுதான் கேட்டமரான். வேகத்துக்கு ஒல்லி ஹல், நிலைப்புக்கு நடு இடைவெளி.

இந்த வடிவம் வெளிநாடுகளில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் உள்ள இன்கேட் கட்டிய 74 மீட்டர் 'ஹோவர்ஸ்பீட் கிரேட் பிரிட்டன்' 1990ல் அட்லாண்டிக்கை மூன்று நாள் எட்டு மணி நேரத்துக்குள் கடந்தது. சராசரி வேகம் 36 நாட்டுக்கும் மேல் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்). அதே நிறுவனம் 2013ல் கட்டி முடித்த 'ஃபிரான்சிஸ்கோ' சோதனை ஓட்டத்தில் 58 நாட் தொட்டது, அதாவது மணிக்கு 107 கிலோமீட்டர். போனஸ் ஏர்ஸுக்கும் மாண்டெவிடியோவுக்கும் இடையே காரும் ஆளும் ஏற்றிக்கொண்டு ஓடுவதற்காகக் கட்டிய கப்பல் அது. 2025ல் அங்கேயே தண்ணீரில் இறங்கிய 'சைனா சொரில்லா' 130 மீட்டர் நீளம், 2,100 பயணிகள், 225 வண்டிகள், முழுக்க பேட்டரியில் ஓடுவது. பேட்டரி மட்டுமே 250 டன்னுக்கு மேல். அவ்வளவு பாரத்தைச் சுமந்தும் அது ஓட முடிவதற்குக் காரணம், கப்பல் முழுக்க அலுமினியம். எஃகின் அடர்த்தியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குதான் அலுமினியத்துக்கு.

சரி, நம் கேட்வே கேட்டமரான் இந்தக் கூட்டத்தில் எங்கே நிற்கிறது? கேட்வேயிலிருந்து மாண்ட்வா ஜெட்டி நேர்கோட்டில் சுமார் 14 கிலோமீட்டர், ஏழரைக் கடல் மைல். முக்கால் மணியில் கடந்தால் சராசரி வேகம் 10 நாட்தான். சர்வதேசக் கடல்சார் அமைப்பு அதிவேகக் கலங்களுக்கென்று 1994லும், பிறகு 2000லும் தனி விதித்தொகுப்பு போட்டது. அதன் கணக்குப்படி 50 டன் எடையுள்ள படகு ஏறக்குறைய 14 நாட்டைத் தொட்டால்தான் அதிவேகக் கலம். 500 டன் என்றால் 20 நாட்டைத் தாண்ட வேண்டும். ஆக மாண்ட்வா ஓட்டத்தில் நமக்குக் கிடைப்பது கேட்டமரானின் வடிவம். அதன் வேகம் இல்லை.

அதை ஒரு குறையாக நான் பார்க்கவில்லை. இந்தத் தூரத்துக்கு வேகம் தேவையே இல்லை. எஞ்சினுக்கு வேண்டிய சக்தி, தோராயமாக, வேகத்தின் மும்மடியில் ஏறும். 10 நாட் படகை 30 நாட்டுக்குத் தள்ள 27 மடங்கு சக்தி வேண்டும். பயண நேரம் மூன்றில் ஒன்றாவதால் ஒரு நடைக்கு எரியும் டீசல் ஒன்பது மடங்கு. ஒல்லி ஹல் இந்தக் கணக்கைக் கொஞ்சம் தணிக்கும், அவ்வளவுதான். பதிலுக்குக் கிடைப்பது என்ன? 45 நிமிடம் 15 நிமிடமாகும், அதுவும் காகிதத்தில். ஜெட்டியை விட்டு விலகுவது, நங்கூரமிட்ட கப்பல்களுக்கும் மீன்பிடிப் படகுகளுக்கும் நடுவே அடக்கிப் போவது, மாண்ட்வாவில் முறைக்குக் காத்திருப்பது எல்லாம் எந்த வேகப்படகுக்கும் அதே நேரம்தான் பிடிக்கும். உண்மையில் மிஞ்சுவது இருபது நிமிடம் இருக்கலாம். செம்பூர் வீட்டு வாசலிலிருந்து குருள் வாசல் வரை மூன்று மணி நேரப் பயணத்தில் இருபது நிமிடத்துக்காக டிக்கெட் விலை பல மடங்கு ஏறுவதை யாரும் விரும்ப மாட்டார்கள்.

வேகம் காசாவது தூரத்தில்தான். ஹாங்காங்–மக்காவ் சுமார் 60 கிலோமீட்டர். அங்கே அதிவேகக் கலங்கள் ஒரு மணி நேரத்தில் கொண்டுபோய் விடுகின்றன, அந்த ஓட்டம் பல பத்தாண்டுகள் கொழித்தது. 2018ல் கடல் பாலம் திறந்ததும் பயணிகள் பெருமளவு பாலத்துக்கு மாறினார்கள் என்பதும் அதே கதையின் மறுபக்கம். நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் 'செரியபாணி' ஓடத் தொடங்கியபோது நம் ஊர்க்காரர்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டார்கள்! 60 கடல் மைல் அளவுத் தூரம், நான்கு மணி நேரத்துக்குள் அக்கரை. அங்கே வேகம்தான் உயிர், இல்லாவிட்டால் பகலிலேயே போய்ச் சேர முடியாது. ஆனால் வடகிழக்குப் பருவக்காற்று வந்ததும் சில நாட்களிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. 2024 ஆகஸ்டில்தான் 'சிவகங்கை' கப்பலோடு மறுபடி தொடங்கினார்கள். மும்பையிலிருந்து கோவாவுக்கே 1990களில் தமானியா கேட்டமரான் ஓடியது, பழைய மாட்டுங்காக்காரர்கள் சிலருக்கு நினைவிருக்கும். 1998ல் கொங்கண் ரயில் முழுதாகத் திறந்த பிறகு அந்தத் தூரத்தில் போட்டியே வேறாகிவிட்டது.

இரண்டு ஹல் உங்களுக்குத் தருவது

மாண்ட்வா ஓட்டத்தில் கேட்டமரானின் உண்மையான பலன் அதன் அகலம். ஒற்றை ஹல் படகில் எல்லாரும் ஒரு பக்கமாக எழுந்து நின்றால் படகு சாயும், சாயச்சாய ஆட்கள் இன்னும் அந்தப் பக்கமே சரிவார்கள். 1947 ஜூலை 17 அன்று அலிபாக் பக்கத்து ரேவஸ் நோக்கிப் புறப்பட்ட ராம்தாஸ் கப்பல் இந்தக் கடலில்தான் கவிழ்ந்தது. பருவமழைக் கடல், அலை அடித்ததும் ஒரு பக்கமாக ஓடிய கூட்டம். 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மும்பைத் துறைமுகத்தில் படகேறும் யாரும் மறக்கக் கூடாத சம்பவம் இது. கேட்டமரானில் இரண்டு ஹல்லும் தள்ளித் தள்ளி இருப்பதால், பயணிகள் ஒரு பக்கம் குவிந்தாலும் அந்தப் பக்க ஹல் சற்று அமிழும், உடனே மிதப்பு எதிர்த்துத் தள்ளும். சீகல் பறவைகளைப் பார்க்க எல்லாரும் ஒரே பக்கம் எட்டிப் பார்க்கும் குளிர்கால ஓட்டத்தில் இந்த வித்தியாசத்தைக் காலிலேயே உணரலாம்.

இரண்டாவது, இரண்டு எஞ்சின், ஒவ்வொரு ஹல்லிலும் ஒன்று. ஒன்று நின்றால் மற்றொன்றில் ஊர்ந்தாவது கரை சேரலாம். மும்பைத் தண்ணீரில் மிதக்கும் பிளாஸ்டிக்கும் அறுந்த வலையும் எவ்வளவு என்று தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று புரியும். புரொப்பல்லரில் வலைக்கயிறு சுற்றினால் ஒற்றை எஞ்சின் லாஞ்ச் அலை இழுக்கும் பக்கம் போகும். அதோடு, விலகியிருக்கும் இரண்டு புரொப்பல்லரில் ஒன்றை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் ஓட்டினால் படகு நின்ற இடத்திலேயே திரும்பும். கேட்வே படித்துறை நெருக்கடியில் இது ஜெட்டியில் மோதாமல் சேர உதவுகிறது. பெரிய அதிவேகக் கேட்டமரான்களில் புரொப்பல்லருக்குப் பதில் வாட்டர்ஜெட் இருக்கும், தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி அடிப்பது. 25 நாட்டுக்கு மேல்தான் அதற்கு லாபம். பத்துப் பன்னிரண்டு நாட் ஓட்டத்துக்குப் புரொப்பல்லரே சரி. வாட்டர்ஜெட் வாயில் நம் துறைமுகத்துப் பிளாஸ்டிக் போனால் அதற்கென்று ஆள் வைக்க வேண்டியிருக்கும்.

இந்த வடிவத்தின் குறைகளையும் மறைக்கக் கூடாது. கேட்டமரான் பக்கவாட்டில் அதிகம் சாயாது, ஆனால் சாய்ந்ததும் வெடுக்கென்று நிமிரும். மெதுவாக ஆடும் கப்பலில் வராத குமட்டல் இந்த வெடுக் அசைவில் சிலருக்கு வரும். பின்பக்க மூலையிலிருந்து அலை வந்தால் ஒரு ஹல் ஏறும்போது மற்றது இறங்கும். முன்னும் பின்னும் பக்கமும் சேர்ந்து முறுக்கும் ஆட்டம் அது, கேட்டமரானின் மிக மோசமான ஆட்டமும் அதுதான். மும்பையில் பிப்ரவரியிலிருந்து மே வரை நண்பகலுக்குப் பிறகு வடமேற்குக் காற்று எழும்பும். மாண்ட்வா கேட்வேக்குத் தெற்கே, சற்றே கிழக்காக இருக்கிறது. அதனால் மதியத்துக்கு மேல் மாண்ட்வாவுக்குப் போகும்போது காற்றலை சரியாக வலது பின் மூலையில் வந்து விழும். கொலாபா முனையில் பிராங்ஸ் கலங்கரை விளக்கத்தைத் தாண்டித் திறந்த கடலின் ஓங்கலும் (தொலைவிலிருந்து உருண்டு வரும் நீண்ட அலை) சேர்ந்துகொள்ளும் இடத்தில்தான் பலர் முகம் வெளுப்பதைப் பார்த்திருக்கிறேன். திரும்பி வரும்போது அதே அலை அணியத்தின், அதாவது படகின் முன்பக்கத்தின், இடது பக்கம். அப்போது வேறு தொல்லை: இரண்டு ஹல்லையும் இணைக்கும் மேடையின் அடிப்பரப்பில் அலை வந்து, உள்ளங்கையால் தண்ணீரை ஓங்கி அறைகிற மாதிரி, அறையும். சத்தம் பெரிதாக இருக்கும், ஜன்னல் அதிரும். பயப்பட வேண்டாம், மாலுமி வேகத்தைக் குறைத்தாலே அடங்கிவிடும். இதே பயணம் காலை எட்டு மணிக்கு என்றால் கடல் பெரும்பாலும் தட்டையாகவே இருக்கும்.

இன்னொன்று எடை. ஒல்லி ஹல்லுக்கு நீர்மட்டத்தில் பரப்பு குறைவு, அதனால் ஒவ்வொரு டன்னுக்கும் ஒற்றை ஹல் படகைவிட அதிகம் அமிழும். அமிழ்ந்தால் மேடைக்கும் தண்ணீருக்கும் உள்ள இடைவெளி குறையும், அறைச்சல் கூடும். கேட்டமரானில் அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆள் ஏற்றினால் அதன் நல்ல குணம் எல்லாம் போய்விடும். நெரிசல் தெரிந்தால் அடுத்த படகுக்கு நில்லுங்கள். தயங்கவே வேண்டாம்.

படகின் வயதும் மழைக்கால ஓய்வும்

ஏறும் முன் படகைப் பார்க்கத் தெரிந்திருப்பது நல்லது. எஃகில் ஒரு குணம் உண்டு, குறிப்பிட்ட அளவுக்குள் எத்தனை கோடி முறை வளைந்தாலும் விரிசல் விடாது. அலுமினியத்துக்கு அந்தப் பாதுகாப்பு எல்லை இல்லை. சின்னச் சின்ன வளைவும் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். வெல்டிங் செய்த இடத்தைச் சுற்றி உலோகத்தின் வலு குறைந்துவிடுவதால் விரிசல் அங்கேதான் முதலில் தலைகாட்டும்: ஜன்னல் மூலைகள், ஹல்லும் மேடையும் சேரும் உள்மடிப்பு. தீயிலும் அலுமினியம் பலவீனமானது. 200 டிகிரியைத் தாண்டினாலே வலு குறையத் தொடங்கும், 660 டிகிரியில் உருகியே போகும். எஞ்சின் அறையைச் சுற்றி வெப்பத்தடுப்பு போர்த்துவது அதனால்தான் கட்டாயம். ஃபைபர் படகுக்குத் துருவும் இல்லை, இந்த விரிசலும் இல்லை. ஆனால் அடிபட்டால் உள்ளே அடுக்கு பிரிந்திருப்பது வெளியே தெரியாது, தட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஒரு கேட்டமரான் 20, 25 வருடம் உழைக்கும். உலகச் சந்தையில் இவை ஊர் ஊராக விற்கப்பட்டு, வயதாக ஆக அமைதியான கடலுக்கும் மெதுவான ஓட்டத்துக்கும் மாறிப் போகும். அதில் தவறில்லை, வயதான உடலுக்கு எளிய வேலை கொடுப்பது பொறியியலில் நியாயம்தான். மாண்ட்வா ஓட்டத்துக்கு இயற்கையே ஒரு நல்ல ஏற்பாடு செய்திருக்கிறது. மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் முடியும் வரை கேட்வே படகுகள் நிறுத்தப்படுகின்றன. அந்த மூன்று மாதத்தில் படகைக் கரையேற்றி, அடியில் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டி, பெயிண்ட் அடித்து, எஞ்சினைப் பிரித்துப் பார்க்க நேரம் கிடைக்கிறது. முதலாளிக்கு ஒன்பது மாத வரும்படியில் பன்னிரண்டு மாதம் சமாளிக்க வேண்டிய கஷ்டம், பயணிக்கு வருடம் ஒருமுறை பராமரித்த படகு. எனக்குப் பிடித்த படகுகளெல்லாம் இப்படிக் கட்டாய ஓய்வு கிடைத்தவைதான்.

ஏறும்போது மூன்று இடத்தைப் பார்க்கச் சொன்னேன். லைஃப் ஜாக்கெட் கை எட்டும் இடத்தில் இருக்கிறதா, கட்டிப் பூட்டி வைத்திருக்கிறதா? ஏசி கூடத்தின் அவசரக் கதவுக்கு முன்னால் மூட்டை முடிச்சு ஏதும் இல்லாமல் இருக்கிறதா? பின்பக்கம் எஞ்சின் புகை கறுப்பாக, நிற்காமல் வருகிறதா? 2024 டிசம்பர் 18 அன்று எலிஃபண்டா போய்க்கொண்டிருந்த நீல்கமல் படகின் மீது கடற்படையின் வேகப்படகு மோதி 15 பேர் இறந்த பிறகு லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் கண்டிப்பு வந்தது. கொடுத்தால் மடியில் வைத்துக்கொள்ளாமல் போட்டுக்கொள்ள வேண்டும். வேர்க்கும், பரவாயில்லை.

மற்ற நான்கும்

ரோரோவைப் பற்றி மரியாதையோடுதான் பேச வேண்டும். 2020 மார்ச் 15 அன்று ஓடத் தொடங்கிய எம்2எம்-1, கிரீஸில் 2019ல் கட்டிய கப்பல். வேகம் 14 நாட் அளவு, பாவ்சா தக்காவிலிருந்து மாண்ட்வாவுக்கு 10 கடல் மைல், ஒரு மணி நேரம். கார், பைக், பஸ் எல்லாம் உள்ளே ஏறும். அகலமான, கனமான, பெரிய கப்பல் என்பதால் சின்ன அலையை அது கண்டுகொள்வதே இல்லை. முக்கியமாக, கேட்வே படகுகள் நின்ற பிறகும் மழைக்காலத்தில் ஓடுகிறது. வானிலை மிக மோசமான நாளில் மட்டும் நிறுத்துவார்கள்.

இதே கணக்கு சிட்னியிலும் நடந்திருக்கிறது. அங்கே நகர மையத்திலிருந்து மேன்லி போகும் படகுத் தூரம் நம் மாண்ட்வா அளவுதான், வழியில் துறைமுகத்தின் வாயும் திறந்த கடல் ஓங்கலும் உண்டு. 1982 முதல் ஓடிய 'ஃபிரெஷ்வாட்டர்' வகைக் கப்பல்கள் 70 மீட்டர், 1,100 பேர், அரை மணி நேரம். அவற்றின் இடத்தைப் பிடிக்க 2021ல் 400 பேர் ஏறும் கேட்டமரான்கள் வந்தன, இன்னும் வேகமானவை. ஆனால் பெரிய அலை நாட்களுக்குப் பழைய கனமான கப்பல்களே வேண்டும் என்று ஊர் மக்கள் விடாமல் கேட்டார்கள், சிலவற்றை அரசும் தக்க வைத்துக்கொண்டது. சின்ன அலைக்கு இரட்டை ஹல், பெரிய அலைக்குக் கனமான ஒற்றை ஹல். மும்பைக்கும் இது அப்படியே பொருந்தும்.

செம்பூர்க்காரர்களுக்கு ரோரோவில் இன்னொரு வசதி இருக்கிறது. ஹார்பர் லைன் வண்டி நேராக டாக்யார்டு ரோடு போகும், அங்கிருந்து பாவ்சா தக்கா பக்கம்தான். கேட்வேக்குப் போவதென்றால் கடைசி ஸ்டேஷனான சிஎஸ்எம்டி வரை போய் பஸ்ஸோ டாக்சியோ பிடிக்க வேண்டும். ஆனால் ரோரோவில் ஆள் டிக்கெட் விலை அதிகம், ஒருநாளில் நடைகளும் குறைவு. ஒன்றைத் தவறவிட்டால் காத்திருப்பு நீளும். கேட்வேயில் படகு அடிக்கடி உண்டு, மாண்ட்வாவிலிருந்து அலிபாக் போகும் பஸ்ஸும் டிக்கெட்டிலேயே சேர்ந்துவிடும். சாதாரண நாளில் கேட்டமரான் முந்துவது இந்த இடத்தில்தான்.

மர லாஞ்ச் மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு. கொங்கண் தச்சர்களின் கைவேலை அது, அதை ஓட்டும் தாண்டேல்களின் கடல் அறிவும் சாமானியமில்லை. மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டு போகலாம், காசும் மிச்சம். ஆனால் வாரந்தோறும் போகிற ஒருவருக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒற்றை ஹல், மேலே கனமான தளம், மதிய அலையில் நன்றாகச் சாயும். நேரமும் கூடுதல். டிசம்பர், ஜனவரி காலைகளில் அப்பா அம்மாவை அலிபாக்குக்கு அழைத்துப் போகிறானா, தாராளமாக லாஞ்சில் போகட்டும், கீழ்த்தளத்தில் நடு இருக்கையில்.

ஸ்பீட்போட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அலை மேல் தாவித் தாவிப் போவதால் முதுகுத்தண்டுக்கு நேராக அடி. ஒருமுறை போனால் அனுபவம், வாராவாரம் போனால் எலும்பு டாக்டர் செலவு.

சாலையைப் பலர் சுலபம் என்று நினைக்கிறார்கள். 2024 ஜனவரி 12 அன்று திறந்த அடல் சேது 21.8 கிலோமீட்டர், அதில் 16.5 கிலோமீட்டர் கடல் மேல். காருக்கு ஒரு வழி 250 ரூபாய். சேவ்ரியிலிருந்து சிர்லே வரை பயணம் அற்புதம், மறுக்கவே மாட்டேன். அதற்கப்புறம்தான் சிக்கல். பேண், வட்கல் வரை கோவா நெடுஞ்சாலை நெரிசல், வட்கலிலிருந்து அலிபாக் வரை குறுகிய சாலை, வழியில் கார்லேகிண்ட் வளைவுகள். சனிக்கிழமை காலையிலோ ஞாயிறு மாலையிலோ மாட்டினால் எப்போது போய்ச் சேருவோம் என்று யாரும் சொல்ல முடியாது. டீசல், டோல், தேய்மானம் எல்லாம் ஒருவர் தலையிலேயே. படகில் தூங்கலாம், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தூங்க முடியாது. ஐந்து நாள் ஷிஃப்ட் முடித்த மனிதனுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. இருந்தாலும் குழந்தைக்கு நள்ளிரவில் காய்ச்சல் என்று போன் வந்தால் சாலை ஒன்றுதான் திறந்திருக்கும். அதற்காக இரண்டு ஓட்டுநர்களின் எண்ணைக் கைவசம் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

அவனுக்குச் சாதகமான ஒரு விஷயத்தை அவனே கவனிக்கவில்லை. மும்பைக் கூட்டம் வெள்ளி, சனியில் அலிபாக் போய் ஞாயிறு மாலை திரும்பும். அவனுடைய போக்குவரத்து இதற்கு நேர் எதிர். வெள்ளி மாலை மாண்ட்வாவிலிருந்து வரும் படகு காலியாக இருக்கும், போகும் படகு நிரம்பி வழியும். இருக்கையைத் தேர்ந்தெடுத்து உட்காரலாம்: கீழ்த்தளம், நீளவாக்கில் நடுவுக்குச் சற்றுப் பின்னால், படகின் மையக்கோட்டை ஒட்டி. ஆட்டம் குறைவான இடம் அதுதான். முன் வரிசைக் கண்ணாடி பக்கம் அழகாக இருக்கும், அறைச்சல் முழுதும் அங்கேதான் விழும்.

பிரச்சினை நேரத்தில்தான். கேட்வேக்குத் திரும்பும் கடைசிப் படகு சாயங்காலத்தோடு போய்விடும். ஷிஃப்ட் ஆறு மணிக்கு முடிகிற வெள்ளிக்கிழமைகளில் அதைப் பிடிக்க முடியாது. அன்றிரவு சாலையில் அவஸ்தைப்படுவதைவிட, குருளிலேயே தூங்கிச் சனி காலை முதல் படகில் வருவது மேல். அந்த நேரம் கடலும் தட்டையாக இருக்கும், எதிரே மும்பைக் கூட்டம் மாண்ட்வாவில் இறங்கும்போது இவன் படகு பாதி காலியாகக் கிளம்பும். போகும்போதும் அப்படித்தான். திங்கள் காலை ஷிஃப்ட் சீக்கிரம் என்றால் முதல் படகை நம்பாமல் ஞாயிறு மாலையே கிளம்பிவிட வேண்டும். பிப்ரவரிக்கு மேல் அந்த ஞாயிறு மாலைப் பயணம்தான் பின் மூலை அலையில் முறுக்கும் பயணம், அதனால் அந்த ஒரு நடைக்கு மட்டும் ரோரோ நேரம் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய கேட்டமரான்.

கேட்வே படித்துறையில் கடல் இறக்கத்தின்போது, அதாவது நீர்மட்டம் தாழும் நேரத்தில், கவனம் தேவை. மும்பையில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் பெரிய நாட்களில் நான்கு ஐந்து மீட்டர் வித்தியாசம் வரும். இறக்கத்தில் கீழ்ப்படிகள் பாசி பிடித்து வழுக்கும், சில நேரம் ஒரு படகில் ஏறி அதைக் கடந்து அடுத்த படகுக்குப் போக வேண்டியிருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நல்ல பிடிமானமுள்ள செருப்பு, முதுகில் பை, இரண்டு கையும் காலியாக. வயதானவர்களை அழைத்துப் போகிற நாளில் இது ஒன்றுக்காகவே ரோரோவை எடுக்கலாம், அதில் நடந்தே உள்ளே போய்விடலாம்.

செப்டம்பர் தொடக்கத்தில் கேட்வே படகுகள் மறுபடி ஓடத் தொடங்கும். மழை விட்டிருக்கும், வானம் நீலமாக இருக்கும், எல்லாரும் கேட்டமரானுக்குத் திரும்பிவிடுவார்கள். ஆனால் தென்மேற்கிலிருந்து வரும் நீண்ட ஓங்கல் காற்று நின்ற பிறகும் சில வாரம் அடங்காது. கரையிலிருந்து பார்த்தால் தெரியாத அலை அது, பிராங்ஸ் தாண்டியதும்தான் தெரியும். செப்டம்பர் முடியும் வரை ரோரோவிலேயே போகச் சொல்லியிருக்கிறேன்.